‘நான்’ என்பதைப் படமெடுப்பது: புகைப்படக் கலை வழியே சுய அடையாளத்தைத் தேடும் செயல்முறை

“நான் யார்?” என்ற கேள்வியோடு கேமராவைத் தூக்கினால் முதல் வாரத்திலேயே எடுக்க ஒன்றும் இல்லாமல் போய்விடும். கேள்வி அத்தனை பெரியது. கேமராவோ சின்னச் சின்ன விஷயங்களைத்தான் பிடிக்கும்: ஒரு தோள் சாய்வு, பழைய சட்டையின் காலர், பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் நிமிரும் கழுத்து. ஆகவே இந்த வேலையை ஒரு தாளிலும் பேனாவிலும் தொடங்க வேண்டும்.

கேள்வியை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். அதற்கு இரண்டு சோதனைகள் உண்டு. அதன் பதில் கண்ணால் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். அந்தப் பதில் இப்போது உங்களுக்குத் தெரியாததாகவும் இருக்க வேண்டும். “அம்மாவின் எந்தக் கைப்பழக்கம் எனக்கு வந்திருக்கிறது?” என்பது இரண்டிலும் தேறும். “வேலைக்குக் கிளம்பும் முன்னும் திரும்பிய பின்னும் என் முகம் ஒன்றுதானா?” என்பதும் தேறும். “நான் தனிமையில் இருப்பவன்” என்பது தேறாது. அதில் கேள்வியே இல்லை, முடிவுதான் இருக்கிறது. முடிவைப் படமாக்கப் போனால் உடைந்த கண்ணாடி, பாதி முகமூடி, மழை வழியும் ஜன்னலில் பதித்த உள்ளங்கை என்று எல்லாரும் எடுத்த படங்களே வந்து சேரும். யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும் சின்னங்கள் உங்களைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

புகைப்படக் கலையின் முதல் சில ஆண்டுகளிலேயே இதற்கு நல்ல உதாரணம் கிடைக்கிறது. இப்போலீத் பயார் என்ற பிரெஞ்சுக்காரர் காகிதத்தில் நேரடியாகப் படம் பதிக்கும் முறையொன்றைக் கண்டுபிடித்திருந்தார். அரசின் ஆதரவும் புகழும் அதே காலத்தில் வேறொரு புகைப்பட முறையைக் கண்டுபிடித்த தகேருக்குப் போயின. 1840இல் பயார் தன்னையே நீரில் மூழ்கி இறந்தவனாகக் கிடத்திப் படமெடுத்து, அதன் பின்புறம் தன் மனக்குறையை எழுதிவைத்தார். வெறும் ‘துயரம்’ அங்கே படமாகவில்லை. இன்னதைச் செய்தவன், இன்னதை இழந்தவன் என்ற குறிப்பான நிலை படமானது. உங்கள் கேள்வியும் அந்த அளவுக்குக் குறிப்பாக இறங்கும்வரை திருத்தி எழுதுங்கள். மூன்று நான்கு முறை மாற்றி எழுத வேண்டியிருக்கும். அந்தத் தாள்களைத் தூக்கிப் போடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

கட்டுப்பாடு

அடுத்தது விதி. எதை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற சுதந்திரத்தில் கை பழகிய இடத்துக்கே போகும். விதி இருந்தால்தான் பழகாத இடத்துக்குத் தள்ளப்படுவீர்கள்.

தன்னைத்தானே படமெடுக்கும் இந்தத் துறையில் நிலைத்து நிற்கும் தொடர்களைப் பாருங்கள், ஒவ்வொன்றின் அடியிலும் எளிய விதி ஒன்று இருக்கும். ஜான் கோப்ளன்ஸ் அறுபது வயதைக் கடந்தபின் 1984 முதல் தன் உடம்பைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். தலையைக் காட்டவே இல்லை. டொமோகோ சவாதா தானியங்கி அடையாளப்படக் கூண்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு முறையும் வேறு ஆளாக மாறி, 400 அடையாளப் படங்களை உருவாக்கினார். செங் க்வாங் சி 1979இலிருந்து பத்தாண்டு காலம் ஒரே விதமான சீனச் சீருடையில் புகழ்பெற்ற சுற்றுலா இடங்களின் முன் நின்றார். சாமுவேல் ஃபோசோ மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் பாங்கி நகரில் பதின்மூன்று வயதிலேயே ஸ்டுடியோ நடத்தியவர். வாடிக்கையாளர்களை எடுத்தபின் ஃபிலிம் சுருளில் மிஞ்சிய ஃப்ரேம்களில் தன்னைப் படமெடுத்துக்கொண்டார்.

உங்கள் விதியை அமைக்க எளிய வழி: இடம், ஒளி, தூரம், உடை, நேரம் என்ற ஐந்தில் நான்கைப் பூட்டிவிட்டு ஒன்றை மட்டும் அவிழ்த்துவிடுங்கள். இடமும் ஒளியும் தூரமும் உடையும் மாறாமல் நேரம் மட்டும் மாறினால் உடம்பின் களைப்பு தெரியத் தொடங்கும். உடை மட்டும் மாறினால் உடைக்கேற்ப நிற்கும் விதம் மாறுவது தெரியும். இரண்டை அவிழ்த்தால் எது எதனால் மாறியது என்று பிறகு பிரித்துப் பார்க்க முடியாது. அளவையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். நாற்பது அமர்வுகள், அமர்வுக்குப் பத்து முதல் அறுபது ஃப்ரேம் என்பது ஒருவர் தனியாகச் சமாளிக்கக்கூடிய அளவு. முதல் ஏழெட்டு அமர்வுகளில் நீங்கள் காட்ட விரும்பும் முகம்தான் கிடைக்கும். அது தீர்ந்தபிறகுதான் வேலைக்கான படங்கள் வர ஆரம்பிக்கும். பலர் அதற்கு முன்பே விட்டுவிடுகிறார்கள்.

கேமரா, தூரம், ஃபோகஸ்

செல்பேசி போதும். பின்பக்கக் கேமராவையே பயன்படுத்துங்கள். முன்கேமராவில் திரையைப் பார்த்தபடி எடுக்கும்போது நீங்கள் உங்களையே சரிசெய்துகொண்டிருப்பீர்கள்; அந்தச் சரிசெய்தல்தான் படத்தில் பதியும். முன்கேமராவைத்தான் பயன்படுத்தியாக வேண்டும் என்றால் படத்தைக் கண்ணாடிபோல் இடவலம் மாற்றிச் சேமிக்கும் அமைப்பை அணைத்துவிடுங்கள். நாம் கண்ணாடியில் பார்த்துப் பழகிய முகம் இடவலம் புரண்டது. மற்றவர்கள் பார்க்கும் முகம் நமக்கே கொஞ்சம் அந்நியமாகத் தோன்றுவது இதனால்தான். அந்த அந்நியத்தன்மை இந்த வேலைக்கு மிகவும் வேண்டியது. தோலை மெழுகும் அழகூட்டும் வசதி, பின்னணியைச் செயற்கையாக மங்கலாக்கும் வசதி இரண்டையும் அணையுங்கள்.

தூரம் முக்கியம். மூக்கு நுனியிலிருந்து காது ஏறக்குறைய 12 செ.மீ. பின்னால் இருக்கிறது என்று வையுங்கள். கேமரா மூக்கிலிருந்து 30 செ.மீ. தூரத்தில் இருந்தால் காது 42 செ.மீ. தள்ளி இருக்கிறது, காதோடு ஒப்பிட மூக்கு 1.4 மடங்கு பெரிதாகப் பதியும். ஒன்றரை மீட்டரில் இந்த விகிதம் 1.08 ஆகக் குறைந்துவிடும். கையை நீட்டி எடுத்த படத்தில் முகம் உங்களுடையதாகவே தெரியாததற்கு லென்ஸைக் குறைசொல்ல வேண்டாம், தூரம்தான் காரணம். ஆகவே கேமராவை டிரைபாடிலோ புத்தக அடுக்கிலோ வைத்து, ஒன்றரை மீட்டராவது விலகி நின்று, தேவையானால் பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். செல்பேசியில் இரண்டு அல்லது மூன்று மடங்கு லென்ஸ் தனியாக இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். வேண்டுமென்றே உருவத்தைத் திரிப்பதும் ஒரு வழிதான், அப்படியென்றால் தொடர் முழுவதும் அதே தூரத்தில் திரியுங்கள்.

தனியாக எடுப்பவர்களின் பெரிய தலைவலி ஃபோகஸ். கேமராவுக்கு முன்னால் ஆள் இல்லாதபோது அது பின்சுவரைப் பிடித்துக்கொள்ளும். இப்படிச் செய்யுங்கள்:

1. நீங்கள் நிற்கும் இடத்தில், தரையில் இரண்டு கால்களுக்கும் டேப் ஒட்டுங்கள். டிரைபாடின் மூன்று கால்களுக்கும் ஒட்டுங்கள்.
2. அந்த இடத்தில் ஒரு விளக்குத் தண்டையோ நிமிர்த்திய துடைப்பத்தையோ வைத்து, கண் உயரத்தில் அச்சடித்த தாள் ஒன்றைக் கட்டுங்கள்.
3. அந்த எழுத்தின்மேல் ஃபோகஸ் செய்து, அது தானாக மாறாதபடி மேனுவலுக்கு மாற்றுங்கள். செல்பேசியில் அந்த இடத்தை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும்.
4. தாளை எடுத்துவிட்டு அதே இடத்தில் நில்லுங்கள். முதல் ஃப்ரேமை முழு அளவில் பெரிதாக்கி, கண் இமை தெளிவாக இருக்கிறதா என்று பார்த்தபிறகுதான் மீதியைத் தொடருங்கள்.

அபெர்ச்சர் என்பது லென்ஸில் ஒளி நுழையும் துளை; எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிதாகும். ஃபுல் ஃப்ரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ள சென்சார்) கேமராவில் 50 மி.மீ. லென்ஸ், இரண்டு மீட்டர் தூரம் என்றால், எஃப் 8 அபெர்ச்சரில் சுமார் 80 செ.மீ. ஆழத்துக்குத் தெளிவு இருக்கும். முன்னும் பின்னும் ஓரடி அசையலாம். எஃப் 1.8இல் அது 17 செ.மீ. அளவுக்குச் சுருங்கிவிடும். உடம்பை லேசாகச் சாய்த்தாலே கண் மங்கிவிடும். பின்னணி மங்கினால்தான் கலைப்படம் என்று நினைத்து அபெர்ச்சரைத் திறந்துவைப்பது இந்த வேலையில் இரட்டை நஷ்டம்: முகமும் தப்பும், உங்களைப் பற்றிப் பேசக்கூடிய அறையும் கரைந்துபோகும்.

பத்து விநாடி டைமர் ஒரு குறிப்பிட்ட முகத்தைத் தரும். மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருக்கும் முகம் அது. இடைவெளிவிட்டுத் தானாகவே எடுக்கும் இன்டர்வெல் அமைப்பு இருந்தால் ஐந்து விநாடிக்கு ஒன்றாக அறுபது ஃப்ரேம் வையுங்கள். மொத்தம் ஐந்து நிமிடம். இருபதாவது ஃப்ரேமுக்குப் பக்கத்தில் கேமரா இருப்பது மறக்கத் தொடங்கும். ரிமோட் வைத்திருந்தால் அதை மறைக்கப் பாடுபட வேண்டாம். செங் க்வாங் சியின் படங்களில் ஷட்டர் கேபிள் கையில் வெளிப்படையாகவே தெரியும். தன்னைத் தானே எடுக்கிறார் என்பதையும் அது சொல்கிறது.

ஒளி

ஒரே ஒரு ஜன்னல், அறை விளக்குகள் எல்லாம் அணைந்த நிலை. தொடக்கத்துக்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை. விளக்கும் ஜன்னலும் கலந்தால் முகத்தின் ஒரு பக்கம் மஞ்சளாகவும் மறுபக்கம் நீலமாகவும் போய், பிறகு திருத்தவே முடியாது. ஒளியின் நிறத்தைச் சமன்செய்யும் வொயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் பகல் ஒளிக்கு, அதாவது 5500 கெல்வின் அளவுக்கு, நிறுத்திவையுங்கள். ஆட்டோவில் விட்டால் உடையின் நிறத்துக்கேற்பத் தோலின் நிறம் ஒவ்வொரு படத்திலும் மாறும்.

ஜன்னல் உங்களுக்குப் பக்கவாட்டில் இருக்கும்படி ஒரு மீட்டர் தள்ளி நில்லுங்கள். நிழல் பக்கம் மிகவும் இருண்டால் வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை அரை மீட்டர் தூரத்தில் பிடித்து நிரப்பலாம். அதற்கு முன், எதிர்மாறாகவும் ஒருமுறை செய்துபாருங்கள்: நிழல் பக்கத்தில் கறுப்புத் துணியைத் தொங்கவிடுங்கள். வெளிர்ச் சுவரிலிருந்து திரும்பிவரும் ஒளி நின்றுபோய், முகத்தின் பாதி உண்மையாகவே மறையும். எதைக் காட்டாமல் விடுகிறோம் என்பதும் அடையாளம் பற்றிய படத்தில் ஒரு சொல்தான்.

கேமராவின் ஒளிமானி எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளைச் சுவர் முன் நின்றால் முகம் இருண்டுவிடும், எக்ஸ்போஷரை (பதியும் ஒளியின் அளவை) ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்காக, கூட்டுங்கள். கறுப்புத் துணி முன் நின்றால் தோல் வெளிறிவிடும், ஒரு ஸ்டாப் குறையுங்கள். கருந்தோல் கொண்டவர்களுக்கு இரண்டாவது தவறு அடிக்கடி நடக்கும்: கேமரா தானாகவே தோலை வெளுப்பாக்கி, அதைத்தான் ‘சரி’ என்று காட்டும். செல்பேசியில் முகத்தைத் தொட்டுப் பூட்டி, சூரியக் குறியைக் கீழே இழுங்கள். நெற்றியிலும் கன்ன எலும்பிலும் ஒளிப்புள்ளிகள் தெளிவாக இருந்து, தோலின் சொந்த நிறம் மாறாமல் இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். கேமரா பதித்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலாக எடுக்க முடிந்தால் எடுங்கள். பிறகு திருத்துவதற்கு அதில் இடம் அதிகம்.

தென்னாப்பிரிக்கக் கலைஞர் ஜானேலே முஹோலி 2012இல் தொடங்கிய தன்னுருவத் தொடரில் கான்ட்ராஸ்ட்டை (வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாட்டை) கூட்டித் தன் தோலை இன்னும் கறுப்பாக்கினார். கேமராவின் ‘சரி’க்கு எதிராக எடுத்த தெளிவான முடிவு அது. நீங்களும் தோலின் நிறத்தை எந்தப் பக்கம் தள்ளினாலும் அது முடிவாக இருக்கட்டும், கவனக்குறைவாக வேண்டாம்.

நீளும் ஷட்டர்

அடையாளம் நிலையாக இல்லை என்று உணர்பவர்களுக்கு நீண்ட நேரம் திறந்திருந்து ஒளியை உள்ளே விடும் மெதுவான ஷட்டரைப்போல் பேசக்கூடிய கருவி வேறில்லை. ஃபிரான்செஸ்கா உட்மன் 1970களில் பாழடைந்த அறைகளில் தன்னை இப்படித்தான் எடுத்தார். சுவரும் தரையும் கூர்மையாக இருக்க, உடம்பு மட்டும் கரைந்துகொண்டிருக்கும். அறை கூர்மையாக இருப்பதுதான் அந்தக் கரைதலுக்கு அர்த்தம் தருகிறது. கேமரா அசைந்தால் எல்லாமே மங்கி, வெறும் பிழையாகிவிடும். அதனால் டிரைபாட் கட்டாயம். ஷட்டரையும் கையால் அழுத்தாமல் டைமரில் விடுங்கள்.

பகலில் ஜன்னல் ஒளி வரும் அறையில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, எஃப் 11, ஒரு விநாடி என்று தொடங்கி, வெளிச்சத்துக்கேற்ப மாற்றுங்கள். எட்டில் ஒரு விநாடியில் வரும் மங்கல் கை நடுங்கிய தவறு போலவே தெரியும். அரை விநாடியிலிருந்து இரண்டு விநாடிவரை உடம்பின் அசைவு வடிவம் பெறும். எட்டு விநாடிக்கு மேல், ஓயாமல் அசைபவர் ஏறத்தாழ மறைந்தே போவார். எட்டு விநாடியில் நான்கு விநாடி அசையாமல் நின்றுவிட்டு விலகினால் உடம்பு பாதி ஒளிபுகும்படி பதிந்து, பின்னாலுள்ள கதவோ நாற்காலியோ ஊடுருவித் தெரியும்.

இங்கே எது தவறும் என்றால், இருண்ட உடையோடு வெளிர்ச் சுவர் முன் அசைவது. சுவரின் வெளிச்சம் உடம்பு இருந்த இடத்தை நிரப்பிவிடும், உருவம் தின்னப்பட்டுவிடும். அசைவு பதிய வேண்டுமானால் பின்னணி இருட்டாக, உடையோ தோலோ அதைவிட வெளிச்சமாக இருக்க வேண்டும். பாதங்களை ஊன்றிக்கொண்டு இடுப்புக்கு மேலே மட்டும் அசையுங்கள். எங்கோ ஓரிடம் கூர்மையாக இருந்தால்தான் கண்ணுக்குப் பிடிப்பு கிடைக்கும். ஒரு நல்ல படத்துக்கு முப்பது ஃப்ரேம் செலவாகும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஃப்ரேமில் இரண்டு படங்களைப் பதிக்கும் இரட்டை எக்ஸ்போஷர் இதற்குப் பக்கத்து வீடு. முதல் படத்தில் வெளுத்த வானத்துக்கோ ஒளிரும் ஜன்னலுக்கோ முன்னால் நின்று, முழு நிழலுருவமாக எடுங்கள். இரண்டாவது படம் அந்த இருண்ட பகுதிக்குள் மட்டுமே பதியும். கேமராவில் அந்த வசதி இல்லையென்றால் எடிட்டிங் செயலியில் இரண்டு அடுக்குகளாக வைத்து ‘ஸ்க்ரீன்’ முறையில் கலக்கலாம். செய்வது எளிது என்பதாலேயே இதில் ஏமாந்துபோவது சுலபம். தலைக்குள் மரக்கிளை, தலைக்குள் கடல் அலை என்று அழகாக வரும், எதையும் சொல்லாது. இரண்டாவது படம் உங்கள் கேள்வியில் இருக்கும் பொருளாகவோ இடமாகவோ இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

குடும்பப் படங்களோடு வேலை

பழைய ஆல்பம்தான் பெரும்பாலானவர்களிடம் இருக்கும் மிக வளமான மூலப்பொருள். முதலில் அதைப் பாதுகாப்பாக நகலெடுங்கள். ஓரங்களை மட்டும் பிடியுங்கள், படப் பரப்பை ஈரத்துணியால் துடைக்காதீர்கள், பசை ஒட்டிய பக்கத்திலிருந்து பிய்க்காதீர்கள். ஒட்டியிருப்பதைப் பக்கத்தோடு சேர்த்தே நகலெடுக்கலாம். 10×15 செ.மீ. படத்தை ஸ்கேனரில் 600 பிபிஐயில் (அங்குலத்துக்கு 600 பிக்சல்) எடுத்தால் ஏறத்தாழ 2400×3600 பிக்சல் கிடைக்கும். கேமராவால் நகலெடுப்பதென்றால் படத்தின் இரு பக்கமும் 45 டிகிரியில் ஒரேமாதிரியான இரண்டு விளக்குகள், நேர் மேலே கேமரா, எஃப் 8. கேமரா சரியாக இணையாக இருக்கிறதா என்று பார்க்க, படம் வைக்கும் இடத்தில் சின்னக் கண்ணாடி ஒன்றை வையுங்கள். லென்ஸின் பிம்பம் ஃப்ரேமின் நடுவில் விழுந்தால் சரி. பின்புறம் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் எடுங்கள்.

பிறகு, ஒரு படத்தைத் தேர்ந்து அதே நிலையில் நீங்கள் நின்று பாருங்கள். பாட்டியின் படமாக இருக்கலாம், உங்கள் ஏழு வயதுப் படமாகவும் இருக்கலாம். பழைய படமே எல்லாத் தகவலையும் தரும். கேமராவின் உயரம் யாருடைய கண்ணுக்கு நேராக இருக்கிறது என்று அடிவானத்தையோ மேசை விளிம்பையோ வைத்துக் கணியுங்கள். மேசையின் மேற்பரப்பு அதிகம் தெரிந்தால் கேமரா உயரத்தில் இருந்திருக்கிறது. நிழலின் நீளம் நேரத்தைச் சொல்லும். தலைக்குப் பின்னால் சுவரில் கூர்மையான நிழல் ஒட்டியிருந்தால் ஃபிளாஷ் கேமராவின் மேலேயே இருந்திருக்கிறது. அதன்பின் எடையைக் கவனியுங்கள்: எந்தக் காலில் நிற்கிறார், கைவிரல்கள் மூடியிருக்கின்றனவா, மூச்சு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா. முகபாவத்தைக் காப்பியடிக்கப் போகாதீர்கள், நடிப்பாகிவிடும். எடையையும் கைகளையும் சரியாக வைத்தாலே முகம் தானாக எங்கோ போகும். எங்கே போகிறது என்பதுதான் நீங்கள் தேடுவது.

பழைய படத்தை உடம்பின்மேலேயே விழச்செய்வதும் நல்ல முறை. முழு இருட்டறை, ஒரு புரொஜெக்டர், வெளிர்ச் சாம்பல் அல்லது வெள்ளை உடை. ஐஎஸ்ஓ 800, எஃப் 4, முப்பதில் ஒரு விநாடி என்று தொடங்குங்கள். ஷட்டரை அதைவிட வேகமாக்கினால் பல புரொஜெக்டர்களில் சிவப்பு, பச்சை, நீலப் பட்டைகள் படத்தில் விழும். அந்த வகைப் புரொஜெக்டர்கள் நிறங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுவதே காரணம். கண்ணுக்கு நேராக ஒளி வரும் என்பதால் கண்ணை மூடிக்கொள்ளுங்கள், அல்லது முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

ஆல்பத்தில் யார் இல்லை, யார் எப்போதும் ஓரத்தில் நிற்கிறார், எந்த ஆண்டுகளில் படமே இல்லை என்பதையும் ஒரு தாளில் குறியுங்கள். பெரும்பாலும் படமெடுத்தவரே படங்களில் இருக்கமாட்டார். அந்த வெற்றிடத்தை எப்படிக் காட்டுவது என்பது மட்டுமே ஒரு முழுத் தொடருக்குப் போதுமான வேலை.

முகம் இல்லாமல்

நிழல், பிரதிபலிப்பு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காலையோ மாலையோ வெயில் சாயும்போது உங்கள் நிழல் எதன்மேல் விழுகிறது என்பதைத் தேர்ந்தெடுங்கள். நிழல் விழும் பரப்புதான் அந்தப் படத்தின் பொருள்.

பொருள்களை வைத்து எடுப்பதற்குப் பொறுமை வேண்டும். உங்களிடம் இருப்பவற்றில் பன்னிரண்டு தேர்ந்து, ஒரே பின்னணியில், நேர் மேலிருந்து, ஒரே ஒளியில், ஒரே அளவு விகிதத்தில் எடுங்கள். அளவு விகிதம் மாறாமல் இருக்கக் கேமராவின் உயரத்தைக் கடைசிவரை மாற்றக் கூடாது. சாவி சிறிதாகவும் போர்வை ஃப்ரேமை மீறியும் இருக்கட்டும். தேர்வில்தான் பிழை நடக்கும். ‘என்னைப் பற்றி நல்லதாகச் சொல்லும்’ பொருள்களை எடுப்போம்: புத்தகம், இசைக்கருவி, பயண நினைவுச்சின்னம். அதற்கு மாறாக, தூக்கிப் போட நினைத்தும் முடியாமல் வைத்திருப்பவற்றை முதலில் மேசைமேல் வையுங்கள்.

வேடம்

அமெரிக்கக் கலைஞர் சிண்டி ஷெர்மன் 1977 முதல் 1980 வரை திரைப்படக் காட்சி போன்ற கறுப்பு வெள்ளைப் படங்களில் வெவ்வேறு பெண்களாகத் தோன்றினார். இந்தியக் கலைஞர் புஷ்பமாலா, புகைப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியுடன் சேர்ந்து 2000 முதல் 2004 வரை தென்னிந்தியப் பெண் உருவங்களை, ஓவியங்களிலும் பழைய மானுடவியல் படங்களிலும் உள்ளபடி தன் உடம்பில் நிகழ்த்தினார். இரண்டிலும் கவனிக்க வேண்டியது, உடையோடு வேலை முடியவில்லை என்பது. ஒளியின் திசை, கேமரா கோணம், பின்னணி, நிற்கும் பாங்கு, அச்சின் நிறம்வரை எல்லாம் அந்த மூலப் படவகையைச் சேர்ந்தவை. உடை மட்டும் மாறினால் மாறுவேடப் போட்டிதான். ஆகவே வேடத்தைத் தேர்வதற்கு முன் படவகையைத் தேருங்கள்: அடையாள அட்டைப் படமா, திருமணப் படமா, ஸ்டுடியோ திரைச்சீலைப் படமா, செய்திப் படமா. அந்த வகையில் பத்து உதாரணங்களைப் பரப்பிவைத்து, எல்லாவற்றுக்கும் பொதுவாக உள்ளவற்றைப் பட்டியலிட்டபிறகு எடுங்கள்.

நீங்கள் சாராத சமூகத்தின் உடையையோ துயரத்தையோ வேடமாக எடுத்துக்கொள்ளும் எண்ணம் வந்தால், அந்தச் சமூகத்தவர் ஒருவரிடமாவது முதலில் பேசிப்பாருங்கள். ‘என்னைத் தேடுகிறேன்’ என்பது இன்னொருவரை அலங்காரமாக்குவதற்கு அனுமதி ஆகாது.

வேறு கைகள், வேறு முகங்கள்

ஷட்டரை வேறொருவர் அழுத்தினால் அது தன்னுருவப்படம் ஆகுமா என்று பலர் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம். பிரெஞ்சுக் கலைஞர் கிளாட் காஹுனின் தன்னுருவப்படங்களில் பலவும் மார்செல் மூரோடு சேர்ந்து உருவானவை. இன்று அவற்றைக் கூட்டுப் படைப்பாகவே பேசுகிறார்கள். உதவியவரின் பெயரைப் படத்தோடு சேர்த்துக் குறியுங்கள், அவ்வளவுதான்.

குடும்பத்தாரோ நண்பர்களோ படத்தில் வந்தால், எடுப்பதற்கு ஒருமுறையும் வெளியே காட்டுவதற்கு இன்னொரு முறையும் அனுமதி கேளுங்கள். இரண்டும் வேறு வேறு. எடுக்கச் சம்மதித்தவர் காட்டச் சம்மதிக்காமல் போகலாம். அந்தப் படத்தை எடுத்துவைத்துவிட வேண்டியதுதான். குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கறாராக இருங்கள். இணையத்தில் ஏற்றும் முன் படத்தில் பதிந்திருக்கும் இடத் தகவலை நீக்குங்கள். பின்னணியில் முகவரி, அடையாள அட்டை எண், பள்ளிச் சீருடைச் சின்னம் இருக்கிறதா என்று முழு அளவில் பெரிதாக்கிப் பாருங்கள்.

உங்கள் விஷயத்திலும் எல்லை வேண்டும். நோய், இழப்பு, வன்முறை பற்றிய அமர்வு என்றால் முடியும் நேரத்தை முன்பே வைத்துக்கொள்ளுங்கள், நாற்பது நிமிடம் போதும். முடிந்ததும் பேசக்கூடிய ஒருவர் இருக்கட்டும். 1980களில் தன் நோய், குடும்பம், வர்க்கம் பற்றிய படங்களைச் சிகிச்சை முறையாகவே உருவாக்கிய ஜோ ஸ்பென்ஸ் அதைத் தனியாகச் செய்யவில்லை. ரோஸி மார்ட்டினோடு சேர்ந்து செய்தார். அமர்வுக்குப் பின் தூக்கமோ சாப்பாடோ கெட்டால் அந்தக் கேள்வியைக் கொஞ்ச காலம் மூடிவைத்துவிட்டு, தேவையானால் மனநல வல்லுநரிடம் செல்லுங்கள்.

தேர்வு: கேள்வி மாறும் இடம்

எடுத்த அன்றே எதையும் அழிக்காதீர்கள். அன்று நாம் தேர்வது நல்ல முகத்தை. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால்தான் வேறொருவரைப் பார்ப்பதுபோல் பார்க்க முடியும். தொழில்நுட்பப் பிழை என்று ஒதுக்கியவற்றையும் அப்போது சேர்த்துப் பாருங்கள். கண் மூடியது, பாதி வெளியேறியது, ஷட்டர் அழுத்த ஓடிவரும்போது பதிந்தது எல்லாம்.

முதல் சுற்றில் நூறு படங்களைச் சின்ன பிரிண்டாகப் போடுங்கள். விலை மலிவான காகிதம் போதும். திரையில் தேர்வு செய்வது ஒவ்வொன்றாகப் பார்க்கவைக்கும், தரையில் பரப்பினால் அவை ஒன்றோடொன்று பேசுவது தெரியும். இப்போது ‘நல்லது, கெட்டது’ என்று பிரிக்காமல், எது திரும்பத் திரும்ப வருகிறது என்று குவியலாக்குங்கள். எல்லாப் படத்திலும் இடது கை மறைந்திருக்கலாம். எப்போதும் கதவுக்குப் பக்கத்திலேயே நின்றிருக்கலாம். ஒன்றில்கூடத் தரையில் உட்காரவில்லை என்பது தெரியவரலாம். திட்டமிடாமல் திரும்ப வந்தவைதான் இந்த வேலையின் விளைச்சல். முதலில் எழுதிய கேள்வித்தாளை இப்போது எடுத்து, அதன் கீழே புதிய கேள்வியை எழுதுங்கள். ‘அம்மாவின் கைப்பழக்கம்’ என்று தொடங்கியது ‘நான் ஏன் கையை மறைக்கிறேன்’ என்று மாறியிருக்கும். மாறவே இல்லையென்றால், தெரிந்ததையே எடுத்திருக்கிறீர்கள் என்று பொருள். விதியில் அவிழ்த்துவிட்டதைப் பூட்டிவிட்டு, வேறொன்றை அவிழ்த்து இன்னும் பத்து அமர்வு எடுங்கள்.

நூறிலிருந்து நாற்பது, நாற்பதிலிருந்து பதினைந்து. ஒரே விஷயத்தைச் சொல்லும் இரண்டு படங்களில் பலவீனமானது போகட்டும். உங்களுக்கு மிகவும் பிடித்ததாக இருந்தாலும் போகட்டும். வரிசையில், அடுத்தடுத்த இரண்டு படங்களுக்கிடையே ஒன்றாவது தொடர வேண்டும்: ஒரு நிறமோ, ஒரு சாய்வோ, பார்வையின் திசையோ. எல்லாமே தொடர்ந்தால் ஒரே படத்தைப் பலமுறை காட்டியதுபோல் ஆகிவிடும். முதல் படத்தில் எல்லாவற்றையும் விளக்கிவிடாதீர்கள்.

கறுப்பு வெள்ளையா வண்ணமா என்பதைத் தொடர் முழுவதற்கும் ஒருமுறை முடிவு செய்யுங்கள். உடை, சுவர், தோல் ஆகியவற்றின் நிறம் கேள்விக்குத் தேவை என்றால் வண்ணம். தேவையில்லை, பார்வையைத் திசைதிருப்புகிறது என்றால் கறுப்பு வெள்ளை. எடிட்டிங் செயலியில் கறுப்பு வெள்ளைக்கு மாற்றும்போது ஆரஞ்சு, சிவப்பு அளவுகள்தான் தோலின் வெளிச்சத்தைத் தீர்மானிக்கும். ஆரஞ்சைக் கூட்டினால் தழும்பும் கருவளையமும் மறையும், குறைத்தால் எழும். அவற்றை மறைப்பதற்கு முன் ஒருமுறை யோசியுங்கள்.

சொற்கள், அச்சு, சேமிப்பு

தொடருக்கான குறிப்பை நூறிலிருந்து நூற்றைம்பது சொற்களுக்குள் எழுதுங்கள். என்ன செய்தீர்கள், எந்த விதியோடு, எத்தனை நாள், எது மாறாமல் இருந்தது என்பவை போதும். ‘இருப்பின் நிலையாமையை ஆராய்கிறது’ போன்ற வாக்கியங்களை அடித்துவிடுங்கள்; படத்தில் அது இருந்தால் தெரியும், இல்லையென்றால் எழுதி வராது. படத்தின்மேல் கையால் எழுதுவதாக இருந்தால் நிறமி மைப் பேனா வேண்டும். சாதாரணப் பேனா மை வழவழப்பான காகிதத்தில் ஒட்டாது, நாளடைவில் மங்கியும் போகும். உதவாத பிரிண்ட் ஒன்றில் எழுதி ஒரு நாள் காயவிட்டுத் தேய்த்துப் பாருங்கள்.

12×18 அங்குல அச்சுக்கு 300 பிபிஐ கணக்கில் 3600×5400 பிக்சல், அதாவது ஏறக்குறைய 19 மெகாபிக்சல் வேண்டும். 12 மெகாபிக்சல் செல்பேசிப் படம் வெட்டாமல் இருந்தால் 10×13 அங்குலம்வரை தாங்கும். தன்னுருவப்படத்துக்குப் பெரிய அளவுதான் நல்லது என்று இல்லை. கையில் பிடித்துப் பார்க்கும் அளவில் பார்ப்பவர் நெருங்கி வருவார்; சில தொடர்களுக்கு அந்த நெருக்கம் வேண்டும். சுவரில் மாட்டினால் உங்கள் கண் உயரம் பார்ப்பவரின் கண் உயரத்துக்கு நேராக வருமாறு ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பிரிண்டின் பின்புறம் மென்மையான பென்சிலால் தேதி, அமர்வு எண், அன்றைய கேள்வி மூன்றையும் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா முன்பக்கம்வரை அழுந்தித் தடம் பதிக்கும். கோப்புகளை இரண்டு வெவ்வேறு வட்டுகளில் வையுங்கள், ஒன்று வேறு வீட்டில் இருப்பது நல்லது. தரையில் ஒட்டிய டேப்புகளைப் பிரிக்கும் முன் டிரைபாட் உயரம், கேமராவிலிருந்து உங்கள் கால்வரை தூரம், ஜன்னலிலிருந்து தூரம், மாதம், மணி எல்லாவற்றையும் அளந்து அதே கேள்வித்தாளில் குறியுங்கள். ஐந்து ஆண்டு கழித்து வேறொரு அறையில் அதே ஏற்பாட்டை மீண்டும் அமைத்து, அதே இடத்தில் நிற்க அந்தத் தாள் ஒன்று போதும்.